நிரபராதி உள்ளே இருந்த நாட்களுக்கு யார் கணக்குச் சொல்வது?

[காட்சி: தேக்கா ஈரச்சந்தை உணவங்காடி, காலை நேரம். மேசையில் தே தாரிக், மடித்து வைத்த செய்தித்தாள்.]

போன மாதம் இங்கே சிங்கப்பூர் தேக்காவில் பசியாறிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏம்பா தம்பி, டாக்டர் தப்பா வைத்தியம் பார்த்தா கேஸ் போடலாம். கான்டிராக்டர் தப்பாக் கட்டினா கேஸ் போடலாம். ஒண்ணும் செய்யாதவனை ஜட்ஜ் உள்ள தள்ளிட்டா யாருகிட்டப் போய்க் கேக்கிறது?"

தெரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்துதான் சட்டத்தைப் புரட்டினேன். அந்தப் பெரியவருக்கான பதில்தான் இந்த வீடியோ.

[திரையில் எழுத்து: நீதிபதி மேல் வழக்குப் போடலாமா?]

முடியாது. நீதிபதி தன் கடமையைச் செய்யும்போது எடுத்த முடிவுக்காக அவர்மேல் நட்ட ஈட்டு வழக்குப் போட முடியாது. உச்ச நீதிமன்றமானாலும் சரி, ஹேவ்லாக் சதுக்கத்தில் இருக்கும் அரசு நீதிமன்றங்களானாலும் சரி, சட்டம் இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. சரி, அவரை விட்டுவிட்டு அரசாங்கத்தின்மேல் போடலாமே என்றால், அந்தக் கதவும் சாத்தியிருக்கிறது. நீதிபதியாகப் பொறுப்பு வகிப்பவர் அந்தக் கடமையில் செய்ததற்காக அரசாங்கத்தை இழுக்க முடியாது என்கிறது அரசாங்கத்தின்மேல் வழக்குத் தொடுப்பது பற்றிய சட்டம்.

கேட்டதும் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு வழக்கிலும் தோற்றவர் ஒருவர் இருப்பார். அவர் மறுநாளே நீதிபதிமேல் வழக்குப் போடலாம் என்றால், பண பலம் உள்ளவருக்கு எதிராகத் தீர்ப்பு எழுத எந்த நீதிபதிக்குக் கை வரும்? வக்கீலுக்குக் கொடுக்கவே காசில்லாதவருக்கும் அந்தப் பாதுகாப்புதான் கேடயம். ஆகவே நீதிபதியைக் கூண்டில் ஏற்ற முடியாததில் எனக்குப் பெரிய குறையில்லை. என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

நடத்தை கெட்ட நீதிபதியை நீக்க வழி உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி, குறைந்தது 5 பேர் கொண்ட நடுவர் மன்றம் விசாரித்துப் பரிந்துரைத்தால் அதிபர் உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கலாம். ஆனால் அது ஒழுங்கீனத்துக்கும் இயலாமைக்கும் உரிய வழி. நல்ல மனதோடு தப்பாக எடைபோட்ட தீர்ப்புக்கு அது பொருந்தாது.

[காட்சி: அரசமைப்புச் சட்டத்தின் பக்கம். 9ஆம் பிரிவு பெரிதாகிறது.]

அப்படியானால் தப்பை யார் திருத்துவது? முதலில் 9ஆம் பிரிவு. சட்டப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது. காவலில் எடுத்தவரை, பயண நேரம் நீங்கலாக, 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று உயர் நீதிமன்றத்தில் முறையிட்டால், நீதிமன்றம் விசாரித்தே ஆக வேண்டும்.

அதே பிரிவு வக்கீலைப் பார்க்கும் உரிமையையும் தருகிறது. ஆனால் பிடித்த உடனே என்று நினைத்துவிடாதீர்கள். 'நியாயமான கால அவகாசம்' போலீசுக்கு உண்டு என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. 1994ல் ஒரு வழக்கில் இரண்டு வாரம் கூட நியாயம்தான் என்று தீர்ப்பானது. இரண்டு வாரத்தில் ஒரு மனிதர் எத்தனை வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

(அமைச்சர் உத்தரவில் விசாரணையின்றித் தடுத்து வைக்கும் சட்டங்கள் தனிக் கதை. அந்த உத்தரவு சரியா என்று நீதிமன்றம் ஆராயலாம் என 1988 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 1989 ஜனவரியில் நாடாளுமன்றம் சட்டத்தையே மாற்றியது. அதற்கு இன்னொரு வீடியோ வேண்டும்.)

[காட்சி: பூன் லே அடுக்குமாடி வீடுகள், பொதுவான காட்சி.]

இப்போது ஒரு வழக்கு. 2005 மே மாதம் பூன் லேயில் ஒரு மூதாட்டி கொல்லப்பட்டார். அண்ணன் தம்பி இருவர்மேல் குற்றச்சாட்டு. அண்ணன் காவலில் இருந்தபோது, நான்தான் செய்தேன் என்கிற மாதிரி வாக்குமூலம் கொடுத்திருந்தார். 2009ல் உயர் நீதிமன்றம் இருவருக்கும் மரண தண்டனை விதித்தது.

ஆனால் உள்ளே வந்தது ஒரே ஆள் என்று, இறந்தவரின் படுத்த படுக்கையாக இருந்த கணவர் போலீசிடம் சொல்லியிருந்தார். அந்த வாக்குமூலம் எதிர்த்தரப்பு வக்கீலின் கைக்கு நேரத்தில் போய்ச் சேரவில்லை. தனியாகச் செய்தது நான்தான் என்று தம்பியே விசாரணையில் சொன்னார். 2011 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அண்ணனைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அவருடைய வாக்குமூலங்களைப் பதிவு செய்த முறையைக் கடுமையாகக் கண்டித்தது. எதிர்த்தரப்புக்குச் சாதகமான விவரத்தை அரசாங்கத் தரப்பு மறைக்காமல் கொடுத்தாக வேண்டும் என்ற விதியையும் அந்த வழக்கில்தான் வகுத்தது. வக்கீல்கள் இன்றும் அதைக் 'காடர் வழக்கு' என்றே சொல்கிறார்கள்.

அடுத்தது இன்னும் விசித்திரம். 2011 நவம்பரில் நைஜீரியர் ஒருவர் சாங்கியில் இறங்கினார். அவர் கொண்டுவந்த பையில் போதைப்பொருள். 2014ல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2015ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிக் குற்றவாளி என்றது. அதிகாரிகளிடம் கொடுத்த வாக்குமூலத்தில் அவர் பொய் சொன்னார் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பிறகு, சிறு வயதில் ஒரு படுகொலையைக் கண்ணால் பார்த்ததால் அவருக்கு மனப் பாதிப்பு இருந்தது என்ற மருத்துவ விவரம் வந்தது. உயிர் பயத்தில் பொய் சொல்லியிருக்கலாம் அல்லவா? 2020 செப்டம்பரில், 5 நீதிபதிகளில் 4 பேர் ஒரு பக்கம் நிற்க, அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே ரத்து செய்தது. நம் ஊரில் நீதிபதிகள் கணக்குச் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான்: மேல் நீதிமன்றம் எழுதும் தீர்ப்பில், காரணத்தோடு, பெயரோடு.

[திரையில் எழுத்து: கழித்தல் கணக்கு]

சரி, போன வருடங்கள்? இங்கேதான் என் குறை.

பிணை எடுக்க முடியாமல் ஒருவர் ஒரு வருடம் காவலில் இருக்கிறார் என்று வையுங்கள். குற்றவாளி என்று தீர்ப்பானால், அந்த ஒரு வருடத்தைத் தண்டனையிலிருந்து கழித்துக்கொள்ள நீதிமன்றத்தால் முடியும். நிரபராதி என்று தீர்ப்பானால்? அந்த ஒரு வருடத்தை எதிலிருந்து கழிப்பது? குற்றம் செய்தவருக்குக் கணக்கில் வரும் நாள், செய்யாதவருக்குக் காற்றில் போகிறது.

ஒரு வழி இருக்கிறது, சின்ன வழி. விடுதலையானவர், தன்மேல் போட்ட வழக்கு அடிப்படையற்றது அல்லது தொல்லை கொடுக்கப் போட்டது என்று நிரூபித்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி அதிகபட்சம் 10,000 வெள்ளி கிடைக்கலாம்.

பார்டி லியானியை நினைவிருக்கிறதா? இந்தோனேசிய இல்லப் பணிப்பெண். முதலாளி வீட்டில் திருடினார் என்று 2019ல் 26 மாதச் சிறைத் தண்டனை. 2020 செப்டம்பர் 4ஆம் தேதி நீதிபதி சான் செங் ஓன் அவரை விடுவித்தார். புகாருக்குப் பின்னால் தவறான நோக்கம் இருந்ததாக எழுதினார். பொருள்கள் போலீஸ் கைக்கு வந்த விதத்தையும், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வாக்குமூலம் வாங்கியதையும் சுட்டிக்காட்டினார். பிணையில் வெளியே இருந்தாலும், 4 வருடம் வேலை செய்ய முடியாமல், ஊருக்கும் போக முடியாமல் அவர் காப்பகத்தில் இருந்தார்.

அவர் நட்ட ஈடு கேட்டார். 2021ல் கிடைக்காது என்று தீர்ப்பு. எழுதியதும் அதே சான் செங் ஓன்தான். இதில் முரண் இல்லை. விடுதலைக்கு, குற்றம் செய்தாரா என்று சந்தேகம் எழுந்தாலே போதும். நட்ட ஈட்டுக்கோ, அரசாங்கத் தரப்பு அந்த வழக்கைப் போட்டதே அடிப்படையற்றது என்று நிரூபிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கடல் இருக்கிறது. நிரபராதிகள் பலர் அந்தக் கடலில்தான் நிற்பார்கள்.

[காட்சி: உலக வரைபடம். டிரினிடாட் தீவு ஒளிர்கிறது.]

வேறு மாதிரியும் செய்யலாம். 1975ல் டிரினிடாடில் ஒரு வக்கீலை, நீதிமன்ற அவமதிப்பு என்று நீதிபதி 7 நாள் உள்ளே போட்டார். செய்த தப்பு இன்னதென்று கூட அவரிடம் சரியாகச் சொல்லவில்லை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. அப்போது நமக்கும் கடைசி நீதிமன்றம் அதுதான். 1978ல் அது சொன்னது: நீதிபதி தன் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்க வேண்டாம், பறிபோன சுதந்திரத்துக்கு அரசு கொடுக்கட்டும். இந்தியாவில், விடுதலைத் தீர்ப்பு வந்த பிறகும் 14 வருடம் பீகார் சிறையில் கிடந்தவருக்கு 1983ல் உச்ச நீதிமன்றம் பணம் கொடுக்கச் சொன்னது. தொகை சொற்பம். ஆனால் கணக்கு என்று ஒன்று திறந்தது.

டிரினிடாட் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. நீதிபதியின் கை நடுங்காது, நிரபராதியின் கையும் காலியாகப் போகாது.

[காட்சி: மீண்டும் உணவங்காடி. காலிக் கோப்பை.]

அடுத்த வாரம் பெரியவரைப் பார்த்து இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் நடந்து முடிஞ்ச பிறகுப்பா. முதல் நாளே என்ன செய்றது?" என்றார்.

முதல் நாள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அரைகுறை ஆங்கிலத்தில் சமாளிக்காதீர்கள். எழுதியதை உங்களுக்குப் புரியும் மொழியில் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். தப்பாக இருந்தால் திருத்தச் சொல்லிவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். வக்கீலுக்கு வசதியில்லை என்றால், 2022 டிசம்பர் முதல் அரசாங்கமே தற்காப்பு வக்கீல் அலுவலகம் ஒன்றை நடத்துகிறது. தகுதி இருந்தால் உதவி கிடைக்கும்.

பெரியவர் பேனாவை எடுத்து, செய்தித்தாளின் ஓரத்தில் 'மொழிபெயர்ப்பாளர்' என்று எழுதிக்கொண்டார். மருமகன் லாரி ஓட்டுகிறானாம். அவனுக்கு அனுப்ப வேண்டுமாம்.