தண்டவாளம் போட்டவர்களுக்கு ஒரு பலகை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பல வேலைகளுக்கு இடையிலும் சிரம்பானிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டத்தோ அவர்களே, மண்டபம் தந்து உதவிய ஆலய நிர்வாகத்தினரே, காலையிலிருந்து நிற்க நேரமில்லாமல் உழைக்கும் மகளிர் பிரிவினரே, ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். மலாயா ரயில் இந்த நாட்டை மாற்றிய கதையையும், அதற்குத் தண்டவாளம் போட்டவர்களை நாம் நினைக்க வேண்டியதையும் சொல்ல வந்திருக்கிறேன்.

ஈயத்தில் தொடங்குகிறேன். 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் ரயில் ஓடியது. வெறும் 13 கிலோமீட்டர். ஈயத்தைத் துறைமுகத்தில் சேர்க்க, இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர் படை போட்ட பாதை அது. மறு ஆண்டே கோலாலம்பூரையும் கிள்ளானுக்கு அருகே ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் குடாவையும் ரயில் இணைத்தது. 1909-க்குள் வடக்கே பிறையிலிருந்து தெற்கே ஜொகூர் பாரு வரை கம்பிச்சடக்கு போய்விட்டது. அதை ஒட்டித்தான் ரப்பர் தோட்டங்கள் பெருகின.

இந்த இடத்தில் தெலுக் இந்தான் யானையைச் சொல்லியே ஆக வேண்டும். அப்போது அந்த ஊர் தெலுக் ஆன்சன். 1894 செப்டம்பர் 17. காட்டை வெட்டிப் போட்ட புதுப் பாதையில் ரயில் வருகிறது. எதிரே ஒரு காட்டு யானை. அதன் குட்டியை முன்பு ஒரு ரயில் அடித்துவிட்டது என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். யானை ஒதுங்கவில்லை. நேராக வந்து மோதியது. ரயில் தடம் புரண்டது, யானையும் செத்தது. அதைப் புதைத்த இடத்தில், தன் கூட்டத்தைக் காக்க ரயிலை எதிர்த்த யானை என்று எழுதிப் பலகை வைத்தார்கள். வைக்க வேண்டியதுதான், அந்த வீரத்துக்கு அது தகும்.

ஆனால் அதே காட்டில் சல்லிக்கல் சுமந்து, காய்ச்சலில் விழுந்தவர்களின் பெயர் எந்தப் பலகையில் இருக்கிறது? நான் தேடிய நிலையங்களில் ஒன்றிலும் இல்லை. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் ரயில்வே குடியிருப்புகளில் பிறந்து வளர்ந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஸ்டேஷன் மாஸ்டர்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறீர்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நமக்கு மட்டுமா, நாட்டுக்கும்தானே?

டத்தோ அவர்களே, பழைய நிலையம் ஒவ்வொன்றிலும் தொழிலாளர் பெயர்ப்பலகை வேண்டும் என்ற மனுவை இந்த மேடையிலேயே உங்களிடம் தருகிறோம். பெரியவர்களே, வீட்டில் பழைய சம்பளச்சீட்டு, வேலை அட்டை, படம் எது இருந்தாலும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருகிறோம். பெயர்களை அதிலிருந்துதான் சேர்க்க வேண்டும்.