பிளக் நனைந்தால் பெடலை மிதியுங்கள்

வணக்கம் நேயர்களே. வாசலில் நிற்கிற காரைக் கிளப்பி, நாலடி தள்ளி வேப்பமர நிழலில் விட்டுவிட்டு உடனே அணைத்துவிடுவது மண்டபம், உச்சிப்புளிப் பக்கம் தினமும் நடப்பதுதான். சாயங்காலம் சாவியைத் திருப்பினால் வண்டி எடுக்காது. ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றும், பெட்ரோல் வாடை அடிக்கும். ஓவர்ஃப்ளோ, அதாவது எஞ்சினுக்குள் பெட்ரோல் அதிகமாகிவிட்டது என்பார் மெக்கானிக்.

சூடேறாத எஞ்சினுக்கு வண்டியில் இருக்கிற கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் விடும். நம்ம ஊரில் ஏது குளிர் என்பீர்கள். ஓடிப் பழகிய எஞ்சினின் சூடு 90 டிகிரியை ஒட்டி இருக்கும். அதற்கு நம் 30 டிகிரி குளிர்தான். சூடேறுமுன் அணைத்தால் எரியாத பெட்ரோல் உள்ளேயே தங்கி, பொறி கொடுத்துப் பெட்ரோலை எரியவைக்கிற ஸ்பார்க் பிளக்கை நனைத்துவிடும். சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயில் படலத்தையும் கழுவிவிடும். படலம் போனால் சிலிண்டருக்குள் அழுத்தம் குறையும், அதனால்தான் ஸ்டார்ட்டர் அப்படிச் சுற்றுகிறது. நாலடிக்கு எதற்கு எஞ்சின்? நியூட்ரலில் போட்டு இரண்டு பேர் தள்ளினால் போச்சு.

சரி, ஆகிவிட்டது. பலரும் ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து விடுவார்கள். கார்புரேட்டர் வைத்த பழைய அம்பாசடர் காலத்துப் பழக்கம் அது. அப்போதும் மிதிக்க மிதிக்கப் பெட்ரோல்தான் கூடும். கம்ப்யூட்டரே அளந்து பெட்ரோல் விடுகிற இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் செய்ய வேண்டியது வேறு. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு தரையாக அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் முழுக்க இறங்கியிருந்தால் பெரும்பாலான வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். வெறும் காற்று போய்ப் பிளக் காயும். பத்து வினாடிக்கு மேல் சுற்றாதீர்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். பிடித்ததும் காலை மெல்ல எடுங்கள், கொஞ்சம் புகை வரும், பயப்பட வேண்டாம். நன்றாகச் சூடேறும்வரை ஓடட்டும்.

தள்ளி ஸ்டார்ட் செய்ய ஆள் கூப்பிடாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும், அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அப்புறம், ஆயில் குச்சியில் பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலை மாற்றிவிடுங்கள். அடிக்கடி இப்படி ஆனால் இன்ஜெக்டர் கசிகிறதா, டெம்பரேச்சர் சென்சார் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டீசல் வண்டிக்கு இதெல்லாம் பொருந்தாது. அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீரிலோ கடல் தண்ணீரிலோ இறங்கி வண்டி நின்றுபோனால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அதைப் பிஸ்டனால் அமுக்க முடியாது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாவியைத் தொடாமல் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கட்டி இழுக்க வண்டி சொல்லுங்கள்.