எலும்புக்குள் எண்ணெய்

வணக்கம் நேயர்களே. நாவலர் வீதியிலுள்ள யாழ்ப்பாணத் தொல்பொருள் நூதனசாலையின் வாசலில் திமிங்கில எலும்புகள் இருக்கின்றன. அநேகமானோர் "எவ்வளவு பெரிசு!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். கொஞ்சம் நின்று பார்க்கலாம். திமிங்கிலத்தின் முள்ளந்தண்டு எலும்பு ஒவ்வொன்றுக்கும் இரு முகத்திலும் தட்டையான வட்டம் ஒன்று உண்டு. அது எலும்போடு ஒட்டி ஒன்றாகியிருந்தால் முழுதாக வளர்ந்த திமிங்கிலம். தனியே கழன்றிருந்தால் இளசு. எலும்பின் உட்பக்கம் கடற்பஞ்சுபோலத் துளை துளையாக இருக்கும். உயிரோடு இருக்கையில் அந்தத் துளைகளில் நிறைந்திருப்பது எண்ணெய்.

அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்ட் திமிங்கில வேட்டை அருங்காட்சியகத்தில் 66 அடி நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது. 1998இல் கப்பல் மோதிச் செத்த இளசு. எலும்பைச் சுத்தம் செய்து மாட்டிய பிறகும் வருடக்கணக்கில் எண்ணெய் சொட்டியது. கீழே குடுவை வைத்துப் பிடித்தார்கள்.

அந்தக் காலத்து வேட்டை பெரும்பாலும் விளக்குக்கும் இயந்திரத்துக்கும் வேண்டிய திமிங்கில எண்ணெய்க்காகத்தான். தோலுக்கடியிலுள்ள கொழுப்பை அமெரிக்க வேட்டைக்காரர் கப்பலிலேயே உருக்கினார்கள். மேல்தளத்தில் செங்கல் அடுப்பு, அதில் பெரிய இரும்புக் கொப்பரைகள், தளம் தீப்பிடிக்காமல் அடுப்புக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி. உருகி மிஞ்சிய சக்கையே விறகு.

வேட்டைக் கருவி நம்மவர் மண்டா என்கிற, எறிந்து குத்தும் முள்ளீட்டிதான். ஆனால் அவர்களுடைய மண்டா கொல்வதற்கல்ல, கயிற்றைத் திமிங்கிலத்தோடு பிணைப்பதற்கு. கொல்வது பிறகு வருகிற நீண்ட ஈட்டி. படகில் ஆறு பேர். மண்டா எறிந்தவர் அணியத்தை விட்டுப் பின்னால் போய்ச் சுக்கான் பிடிக்க, அங்கிருந்த அதிகாரி முன்னுக்கு வந்து ஈட்டியை எடுப்பார். அடிபட்ட திமிங்கிலம் இழுக்கிற படகில் இப்படி இடம் மாறுவது என்ன ஒழுங்கோ! படகிலுள்ள கட்டையைச் சுற்றி ஓடுகிற கயிறு சூடாகிப் புகையும், தண்ணீர் ஊற்றவேண்டும். தொட்டிக்குள் சுருட்டிய கயிற்றில் ஒரு சிக்கு இருந்தாலே கை கால் போகும்.

பழைய மண்டாக்கள் சதையிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். 1848இல் நியூ பெட்ஃபோர்ட்டின் கறுப்பினக் கொல்லர் லூயிஸ் டெம்பிள் இதற்கு வழி கண்டார். தலை தண்டோடு நேராக நிற்கும்படி சிறு மரக்குச்சியொன்று செருகியிருக்கும். குத்தியபின் கயிறு இழுபட, குச்சி முறிந்து தலை குறுக்கே திரும்பும். பிறகு கழலாது. கண்ணாடிப் பெட்டிக்குள் இந்த மண்டாவைக் கண்டால் குச்சி போகும் துளையைத் தேடிப் பாருங்கள். தீக்குச்சி அளவுதான்.