புல்லை எடுத்துட்டு மரம் வெச்சா ஓடையில தண்ணி வருமா?

வணக்கம்ங்க. ஈரோட்டுல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு, "நாங்க நண்பர்கள் சேர்ந்து ஊட்டி பக்கம் ஒரு மொட்டை மலைச்சரிவுல ஆயிரம் மரக்கன்னு நடப்போறோம், பவானியில தண்ணி கூடுமா?"ன்னு. ரெண்டு நாளா இந்த கேள்வி மனசை விட்டுப் போகல, ஏன்னா அந்த தம்பியோட மனசு அவ்வளவு நல்ல மனசு, ஆனா அவரு மொட்டைன்னு சொல்ற அந்த இடம் மொட்டை இல்லைங்க, அது புல்வெளி.

சோலைக்காடு வீடியோவுல சொன்னேனே, அதையே திரும்பவும் சொல்றேன், நீலகிரி உச்சியில பள்ளத்துல சோலை, அதாவது அடர்ந்த குட்டை மரக்காடு, மேட்டுல புல், அப்படித்தான் இருக்கும். மார்கழி தை மாச உறைபனியில மேட்டுல சோலைக்கன்னு கருகிடும், புல் தாங்கும். மழை பெஞ்சா அந்த புல்லுக்கு அடியில மண்ணு குடிச்சு வெச்சுக்கிட்டு ஓடைக்கு கொஞ்சம் கொஞ்சமா விடும். வெயில் காலத்துல புல் காஞ்சு நிக்குது பாருங்க, அப்போ அது தண்ணி குடிக்கிறதையே குறைச்சுக்குது. கற்பூர மரம், அதாங்க யூகலிப்டஸ், அது வருஷம் பூராவும் குடிக்கும்.

வெள்ளைக்காரன் இந்த கற்பூர மரத்தை 1840கள்ல விறகுக்குன்னு கொண்டாந்தான், சீகையும், அதாங்க வாட்டில் மரமும், அவன் கொண்டாந்ததுதான், சுதந்திரத்துக்கு அப்புறமும் புல்வெளியில நட்டுக்கிட்டே இருந்தோம். இதை அளந்தே பாத்திருக்காங்க. ஊட்டி மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க நீலகிரியில கிளென்மார்கன்கிற இடத்துல பக்கத்து பக்கத்துல ரெண்டு நீர்ப்பிடிப்பு, அதாவது ஓடைக்கு தண்ணி சேர்ற சரிவு, எடுத்து, ஒண்ணை புல்லாவே விட்டு, இன்னொண்ணுல பாதிக்கு மேல கற்பூர மரம் வெச்சாங்க. முதல் பத்து வருஷத்துல ஓடைத் தண்ணி 16 சதவீதம் குறைஞ்சது. மரத்தை வெட்டிட்டு கட்டையில இருந்து மறுதாம்பு துளிர்க்க விட்டாங்க, வேர் ஏற்கெனவே ஆழத்துல இருக்கில்ல, இந்த தடவை இன்னும் அதிகமா குறைஞ்சது. எனக்கு இதுதான் தூக்கம் கெடுத்த விஷயம், வெட்டினா சரியாப்போச்சுன்னு நினைக்கிறோம், வேர் அங்கயே இருக்கு.

ஒரு ஹட்டியில, அதாங்க படகர் ஊருல, வயசான அம்மா ஒருத்தங்க காஞ்ச ஊத்தைக் காட்டி, "நான் கல்யாணமாகி வந்தப்போ மாசி பங்குனியிலயும் இதுலதான் குடம் நிறைப்போம்"னாங்க. சுத்தி பூரா சீகை. மழை குறைஞ்சுதாம்மான்னு கேட்டா, "மழை பெய்யுதுப்பா, நிக்க மாட்டேங்குது"ன்னாங்க.

அதனால எத்தனை மரம்னு கேக்காம, பங்குனியில ஓடையில எவ்வளவு ஓடுதுன்னு கேளுங்க தம்பி. இப்போ மழையோட போக்கும் மாறுது, 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. அப்படி கொட்டுறப்போ சரிவுல மேலயிருந்து கீழ வரைக்கும் நேரா பாத்தி போட்ட கேரட் தோட்டத்துல மண்ணு எப்படி நிக்கும்? அது அணைக்குள்ள போய் சேறாத்தான் படியும். மாயாறும் பவானியும் பவானிசாகர்ல ஒண்ணா சேருது, மேல நடக்கிறது எல்லாம் உங்க வாய்க்காலுக்குத்தான் வரும்.

கன்னை வீணாக்க வேண்டாம். வனத்துறையில கேட்டுட்டு, சோலை அழிஞ்சுபோன பள்ளத்துல அந்த ஊரு நாவல் வகையும், சோலை ஓரத்துல காட்டுப்பூவரசும், அதாங்க ரோடோடெண்ட்ரான், வைங்க. மேட்டுல சீகைக்கன்னு முளைச்சிருந்தா வேரோட பிடுங்குங்க, மழை பெஞ்ச மறுநாள் போனா சுலபமா வரும்.