தொட்டித் தண்ணீரில் தொடங்கும் பொறியியல்

நேயர்களுக்கு வணக்கம். பொறியியல் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக இந்த உரை.

முதல் வாரத்தில் வகுப்பில் எழுப்பி, எந்த ஊர், எதில் ஆர்வம் என்று கேட்பார்கள். பலரும் ‘ரோபாட்டிக்ஸ்’ என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். தமிழ் வழியில் படித்தவர்கள் அதைச் சொல்லவும் தயங்குவார்கள். தயங்காதீர்கள். குளச்சலில் படகு எஞ்சினைப் பிரித்து மாட்டுவதைப் பார்த்து வளர்ந்ததும், குலசேகரத்தில் ரப்பர் ஷீட் ரோலரைச் சுற்றியதும் தொழில்நுட்பப் பின்னணிதான். ஆர்வத்தைச் சொல்லும்போது துறையின் பெயரோடு நிறுத்தாமல், செய்து பார்க்கப்போகும் ஒரு பொருளையும் சொல்லுங்கள். மின்னணுவியல் பிடிக்கும் என்றால், மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் இருப்பதைக் காட்டும் கருவி நல்ல தொடக்கம்.

புரோகிராம் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் பலகையான ஓர் ஆர்டுயினோ ஊனோ, வயர்களைச் செருகி இணைக்கும் பிரெட்போர்டு, மல்ட்டிமீட்டர், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை), இரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள் போதும். பலகையின் இணைப்பு முனைகளுக்குப் பின் என்று பெயர். ஒரு கம்பியை 7ஆம் பின்னிலும், மற்றதை மின்னழுத்தத்தை எண்ணாக அளந்து தரும் ஏ0 பின்னிலும் இணையுங்கள். ஏ0விலிருந்து கிரவுண்டுக்கு, அதாவது பலகையின் 0 வோல்ட் முனைக்கு, அந்த ரெசிஸ்டரைப் போடுங்கள். அதை விட்டுவிட்டால் ஏ0 எதோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கும். கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே எண் தாறுமாறாக ஓடும். புரோகிராமில் பிழை என்று பலர் மணிக்கணக்கில் தேடுவது இங்கேதான்.

அடுத்தது துரு. கம்பிகளுக்கு எந்நேரமும் 5 வோல்ட் கொடுத்தால் தண்ணீரில் மின்பகுப்பு நடந்து, பாசிட்டிவ் பக்கக் கம்பி கரையத் தொடங்கும். செம்புக் கம்பி என்றால் பச்சை பிடித்துவிடும். குடிக்கும் தண்ணீரில் இது கூடவே கூடாது. ஆகவே 10 விநாடிக்கு ஒரு தடவை 7ஆம் பின்னை 5 வோல்ட்டுக்கு உயர்த்தி, 5 மில்லிவிநாடி பொறுத்து ஏ0வில் அளந்து, உடனே 0 வோல்ட்டுக்கு இறக்கிவிடுங்கள். கம்பிகளைப் பிடிக்கும் பிளாஸ்டிக் துண்டு நனைந்திருந்தால், மட்டம் இறங்கிய பிறகும் தண்ணீர் இருப்பதாகவே காட்டும். அதைத் தண்ணீர் தொடாத உயரத்தில் வையுங்கள்.

ஏ0 தருவது 0 முதல் 1023 வரையான எண். கம்பிகளுக்கு நடுவே தண்ணீர் வழியாக மின்சாரம் பாய்ந்தால் அந்த எண் ஏறும். எந்த எண்ணுக்கு மேல் போனால் தண்ணீர் என்று கொள்வது? இணையத்தில் கிடைக்கும் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். உப்பு ஏறிய கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். மலையோரத் தண்ணீரில் அவ்வளவு பாயாது. உங்கள் வீட்டுத் தண்ணீரில் கம்பியை முக்கியும் எடுத்தும் பத்துப் பத்து அளவுகளை நோட்டில் எழுதி, இரண்டுக்கும் நடுவே ஓர் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். இந்த வேலையில் நான் மிகவும் மதிப்பது அந்த நோட்டைத்தான்.

மோட்டாரையும் தானாக நிறுத்த ஆசை வரும். அதற்கு வேண்டியது ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். 5 வோல்ட் ரிலேயின் காயில் என்ற கம்பிச் சுருள் ஏறத்தாழ 70 மில்லிஆம்பியர் இழுக்கும். ஊனோவின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லிஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. இடையில், சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் ஒரு டிரான்சிஸ்டரும், காயிலின் குறுக்கே, ஒரு திசையில் மட்டும் மின்சாரம் விடும் 1என்4007 டயோடும் வேண்டும். டயோடின் வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம் இருக்கட்டும். டயோடு இல்லையென்றால் ரிலே அணையும்போது எழும் எதிர் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். ரிலேக்குத் தனி சப்ளை கொடுத்தால் இரண்டு கிரவுண்டையும் சேர்க்க மறக்காதீர்கள்.

பம்ப் மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். சின்ன ரிலேயின் முனைகள் அதில் ஒட்டிக்கொண்டால், நிறுத்தச் சொன்னாலும் மோட்டார் நிற்காது. ரிலே, பெரிய கரண்டைத் தாங்கும் சுவிட்சான ஒரு காண்டாக்டரை இயக்கட்டும், மோட்டாரைக் காண்டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும். அந்த 230 வோல்ட் இணைப்பை உரிமம் பெற்ற வயர்மேனிடம் விட்டுவிட்டு, அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.