வினிகர் சோதனைக்கு யார் காசு கொடுப்பார்கள்?

கொடைக்கானல் பண்பலை நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் மலையில் யாருக்காவது புற்றுநோய் என்று தெரிந்தால் ஊரே காசு சேர்த்துக் கொடுக்கும். பூம்பாறை, மன்னவனூர், தாண்டிக்குடி என்று எங்கே போனாலும் இதைப் பார்க்கலாம். ஒரு நோட்டுப் போட்டு, பேர் எழுதி, நூறு இருநூறு என்று வீடு வீடாக வாங்கி மதுரைக்கு அனுப்பிவைப்பார்கள். இந்த மலைக்கிராமங்களில் பல வருடம் செவிலியராக இருந்தவள் நான். அந்தப் பணம் பெரும்பாலும் நோய் முற்றிய பிறகுதான் போய்ச் சேர்கிறது என்பது எனக்குப் பெரிய வருத்தம். நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி தேடும் ஆராய்ச்சிக்கும் இதே மனசோடு கொடுக்க ஆள் வேண்டும்.

அப்படிக் கொடுத்ததால் என்ன நடந்தது என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். மலையிலிருந்து இறங்கினால் ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கை. அங்கே உள்ள கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமுதாய சுகாதார மையமும், பிரான்சில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கின. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிய ஆய்வு. பணம் பில் மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையிடமிருந்து வந்தது.

சோதனை ரொம்ப எளிது. பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர், நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் பஞ்சை நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவுவார். கடையில் வாங்கும் வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். ஒரு நிமிடம் விட்டு, நல்ல வெளிச்சத்தில் பார்ப்பார். செல்கள் மாறத் தொடங்கிய இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். லேபுக்கு அனுப்ப வேண்டாம், முடிவுக்காக இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டாம். சந்தேகம் இருந்தால் அடுத்த பரிசோதனை, தேவைப்பட்டால் அந்த இடத்தை உறைய வைத்து அழிக்கும் சிகிச்சை. புற்றுநோய் ஆவதற்கு முன்பே வேலை முடிந்துவிடும்.

சரி, பஞ்சையும் வினிகரையும் டார்ச்சையும் வைத்து எந்தக் கம்பெனி லாபம் பார்க்கும்? பார்க்க முடியாது. அதனால்தான் இந்த மாதிரிச் சோதனை உயிரைக் காக்கிறதா என்று நிரூபிக்கிற செலவை லாபம் எதிர்பார்க்காத ஒருவர் ஏற்க வேண்டியிருக்கிறது. செலவும் கொஞ்சமில்லை. வீடு வீடாகப் போய் 30 முதல் 59 வயதுப் பெண்களைப் பதிவு செய்ய வேண்டும். அப்புறம் வருடக்கணக்காகப் பின்தொடர வேண்டும். யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார், எதனால் இறந்தார் என்று புற்றுநோய்ப் பதிவேட்டில் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். படம் எடுத்துப் பத்திரிகையில் போடுகிற மாதிரி இதில் ஒன்றும் இல்லை. நன்கொடையாளர்கள் கட்டடத்துக்கும் மெஷினுக்கும் கொடுப்பார்கள். பதிவேடு எழுதுகிறவருடைய சம்பளத்துக்குக் கொடுக்கத் தயங்குவார்கள். அந்தப் பதிவேடு இல்லையென்றால் மெஷினால் என்ன பலன் என்று யாருக்கும் தெரியாது.

மாவட்டத்தில் 114 ஊர்த் தொகுதிகளை எடுத்துப் பாதியில் சோதனை செய்தார்கள், மீதிப் பாதியை ஒப்பிடுவதற்கு வைத்துக்கொண்டார்கள். 2007-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. சோதனைக்கு அழைத்த ஊர்களில் நோய் 25 சதவீதமும், சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. ஒரே ஒரு தடவை செய்த சோதனைக்கு இந்தப் பலன். முப்பதுகளில் இருந்த பெண்களுக்குத்தான் பலன் அதிகம். தமிழ்நாடு அரசும் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தேனியிலும், தஞ்சாவூரிலும் முதலில் சோதனைத் திட்டத்தைத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தது.

ஒப்பிடுவதற்கு வைத்த ஊர்ப் பெண்களுக்கு ஏன் சோதனை செய்யவில்லை என்ற கேள்வி இந்த மாதிரி ஆய்வுகள் மீது பிற்பாடு எழுந்தது. நியாயமான கேள்வி. பணம் கொடுக்கிறவர்களே இதை முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

எல்லா ஆராய்ச்சியும் இப்படி நல்ல சேதியோடு முடியாது. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்குச் சினைப்பைப் புற்றுநோய்க்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ செய்து பார்த்தார்கள். அரசுப் பணத்தோடு தொண்டு நிறுவனங்களின் பணமும் அதில் இருந்தது. 2021-இல் முடிவு வந்தது: நோய் முன்னதாகத் தெரிந்தது, ஆனால் சாவு குறையவில்லை. அந்தக் காசு வீண் என்று நான் நினைக்கவில்லை. பலனில்லாத சோதனைக்கும் அதனால் வரும் தேவையில்லாத ஆபரேஷனுக்கும் லட்சக்கணக்கான பெண்கள் ஆளாகாமல் தடுத்த காசு அது.

திண்டுக்கல் ஆய்வுக்குத் திரும்புகிறேன். அதில் அழைக்கப்பட்டவர்கள் 49,311 பேர், வந்தவர்கள் 31,343 பேர். வராத கிட்டத்தட்ட பதினெட்டாயிரம் பேரையும் கணக்கில் சேர்த்துத்தான் அந்த 35 சதவீதம். அவர்களும் வந்திருந்தால்? வராதவர்களை அலட்சியக்காரர்கள் என்று சொல்லிவிட எனக்கு மனசு வராது. மலையில் ஒரு பெண் சோதனைக்குப் போக வேண்டுமென்றால் ஒருநாள் கூலி போகும், பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும், வீட்டில் காரணம் சொல்ல வேண்டும். வெள்ளைப்படுதல் என்று வாய்விட்டுச் சொல்லவே கூச்சப்படுகிறவர்கள் பரிசோதனை மேஜையில் படுக்கச் சம்மதிப்பது லேசில்லை.

இதற்கு ஒரு வழி வந்திருக்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் முதன்மையாகப் பரிந்துரைத்தது. அதற்கான மாதிரியைப் பெண்ணே தனியறையில் தானே எடுத்துக் கொடுக்கலாம். பூண்டுக் காட்டில் வேலை செய்கிறவர், காபித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவர், பளியர் பழங்குடிக் குடியிருப்பில் இருக்கிறவர் இதை ஏற்பார்களா? மாதிரி கீழே லேபுக்குப் போய் முடிவு மேலே வருவதற்குள், கிருமி இருப்பதாகத் தெரிந்தவர் சிகிச்சையை விட்டு நழுவிவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? பழநி மலையிலேயே ஆராய வேண்டிய கேள்விகள் இவை. தோட்ட முதலாளிகள், ஓட்டல் சங்கங்கள், வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள், ரோட்டரி மாதிரியான அமைப்புகள் யாராவது முன்வந்தால் இரண்டு நர்ஸுகளின் சம்பளம், ஒரு ஜீப், பதிவேடு எழுத ஒருவர் என்று சின்னதாகவே ஆரம்பிக்கலாம். கொடுக்கும்போது ஒரு வருடத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். புற்றுநோய் ஆய்வில் பதில் வர வருடங்கள் ஆகும்.

அதுவரைக்கும், கேட்டுக்கொண்டிருக்கும் அக்கா தங்கச்சிகளுக்கு ஒன்று. முப்பது வயது தாண்டியிருந்தால் உங்களுக்குப் பக்கத்தில் உள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை எந்தக் கிழமை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.