தோத்ததுக்கு அப்புறம் வர்ற பத்து செகண்ட்

[திரையில்: முழு இருட்டு. கன்ட்ரோலர் பட்டன் அழுத்துற சத்தம் மட்டும்.]

நீங்க செத்துட்டீங்க. திரை இருட்டாகுது. அடுத்த பத்து செகண்ட்ல அந்த கேம் என்ன பண்ணுதுன்னு கவனிங்க. அதோட குணம் அங்கதான் தெரியும்.

டிரெய்லர்ல எல்லா கேமும் அழகுதான். காசு குடுத்து வாங்கி, ஒரே பாஸ்கிட்ட, அதாவது தாண்டியே ஆகவேண்டிய பெரிய எதிரிகிட்ட, இருபதாவது தடவை அடி வாங்கும்போதுதான் உண்மை வெளிய வரும். ஏன் தோத்தோம்னு புரிஞ்சுதா? திரும்ப அதே இடத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆச்சு? கையில இருந்தது என்ன போச்சு? கிராபிக்ஸ், கதை, பாட்டு எல்லாத்தையும் தள்ளி வச்சிட்டு, இதை மட்டும் வச்சு சில கேம்களைப் பத்தி மனசுல இருக்கறதைச் சொல்றோம்.

[திரையில்: செலஸ்ட். மேடலின் ஒரு விளிம்புல நிக்கிறா.]

முதல்ல செலஸ்ட். 2018 ஜனவரியில வந்தது. மேடி தார்சன், நோயல் பெர்ரி, இன்னும் சிலர் சேர்ந்த சின்னக் குழு பண்ணினது. மேடலின்னு ஒரு பொண்ணு மலை ஏறுறா. குதிக்கலாம், காத்துல ஒரு தடவை டேஷ் அடிக்கலாம் (சட்டுனு ஒரு பக்கம் பாயறது), சுவரைப் பிடிச்சு ஏறலாம். கன்ட்ரோல் அவ்வளவுதான்.

ரொம்பக் கஷ்டமான கேம்னு இதுக்குப் பேரு. ஆனா மேடலின் எப்படி நகரணும்னு எழுதின புரோகிராம் கோடை அதைப் பண்ணினவங்களே வெளியிட்டிருக்காங்க. அதைப் படிச்சா வேற விஷயம் தெரியுது. இந்த அளவுக்கு விளையாடுறவங்க பக்கம் நிக்கிற கேம் ரொம்பக் குறைச்சல்.

[திரையில்: அதே விளிம்பு, மெதுவா. கால் தரையை விட்டு விலகுது.]

இந்த இடத்தை நிறுத்திப் பாருங்க. கால் விளிம்பைத் தாண்டிடுச்சு, கீழ தரையே இல்ல. ஆனாலும் 0.1 செகண்ட் வரைக்கும் ஜம்ப் பட்டன் வேலை செய்யும். செகண்டுக்கு 60 ஃப்ரேம் ஓடுற கேம்ல அது 6 ஃப்ரேம். இதே மாதிரி, தரையைத் தொடறதுக்கு 0.08 செகண்ட் முன்னாடியே அவசரப்பட்டு அழுத்தினாலும் அதை ஞாபகம் வச்சிருந்து, கால் பட்டதும் குதிக்கும். மேல இருக்கற கல்லோட மூலையில தலை இடிச்சா, 4 பிக்சல் வரைக்கும் பக்கத்துல நகர்த்தி உங்களை மேல அனுப்பிடும். கேமோட மொத்தத் திரையே 320க்கு 180 பிக்சல்தான். அதுல 4 பிக்சல்ங்கறது பெரிய சலுகை.

அப்புறம் ஏன் சாகுறோம்? முக்கால்வாசி ஸ்டாமினா, அதாவது சுவரைப் பிடிக்கிற தெம்பு, எவ்வளவு இருக்குன்னு தெரியாமதான். மொத்தம் 110. சுவரைப் பிடிச்சு சும்மா தொங்கினா செகண்டுக்கு 10 போகும். மேல ஏறினா செகண்டுக்கு 45. சுவரைப் பிடிச்சுக்கிட்டே மேல எம்பிக் குதிச்சா ஒரு தடவைக்கு 27.5, அதாவது நாலு எம்புல மொத்தமும் காலி. புதுசா விளையாடுறவங்க பண்றது இந்த எம்பறதைத்தான். உயரம் பத்தலன்னு பதறி எம்பிக்கிட்டே இருப்பாங்க, உச்சிக்கு ஒரு கை தூரத்துல வழுக்கும். 20க்குக் கீழ போனா மேடலின் சிவப்பா மின்னுவா, அதைப் பார்த்துக்கங்க. ரெண்டு சுவர் எதிரெதிரா இருந்தா சுவரைப் பிடிக்கிற கிராப் பட்டனைத் தொடாம ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்குக் குதிச்சுப் போங்க. அதுக்கு ஸ்டாமினா செலவே கிடையாது.

செத்தா கிட்டத்தட்ட ஒரு செகண்ட்ல அதே அறையோட தொடக்கத்துல நிப்பீங்க. எதுவும் போகாது. எடுத்துட்டுப் பத்திரமா தரையில நிக்காத ஸ்ட்ராபெர்ரி மட்டும் பழைய இடத்துக்குப் போயிடும். நம்மளைப் பொறுத்தவரை தோல்வியை இவ்வளவு சரியாப் புரிஞ்சு பண்ணின பிளாட்ஃபார்மர், அதாவது குதிச்சுத் தாண்டுற கேம், வேற இல்ல.

குறையும் இருக்கு. நாலாவது அத்தியாயம் கோல்டன் ரிட்ஜ்ல காத்து அடிக்கற இடங்கள்ல, தப்பு நம்ம மேலயா காத்து மேலயான்னு பல சமயம் தெரியாது. 2019ல சேர்த்த ஃபேர்வெல் அத்தியாயத்தோட கடைசி அறை ரொம்ப நீளம், நடுவுல செத்தா திரும்ப ஆரம்பிக்க ஒரு செக்பாயின்ட் கூட இல்ல. அதுவரைக்கும் கேம் நமக்குக் குடுத்த வாக்கை அங்க மட்டும் மீறிடுச்சு.

கேமைச் சுலபமாக்கற அசிஸ்ட் மோட் பத்தி ஒரு வார்த்தை. கேம் வேகத்தை 100 சதவீதத்துலருந்து 50 வரைக்கும் பத்து பத்தாக் குறைக்கலாம், ஸ்டாமினாவை முடிவே இல்லாம வச்சுக்கலாம், அடி படாம கூடப் போகலாம். அதைப் போட்டு விளையாடினா விளையாடினதாவே கணக்கு இல்லன்னு பேசறவங்க பேச்சைக் கேட்காதீங்க. 80 சதவீதத்துல வச்சு ஒரு அறையைப் பழகிட்டு, அப்புறம் 100க்கு வர்றது அருமையான பயிற்சி.

டிவியில விளையாடுறவங்க ஒண்ணு கண்டிப்பாப் பண்ணுங்க. டிவி செட்டிங்ஸ்ல கேம் மோடைப் போடுங்க. அது இல்லன்னா படத்தை மெருகேத்துற வேலையில டிவி நேரம் எடுத்துக்கும், நீங்க பார்க்கறது ஏற்கெனவே நடந்து முடிஞ்ச ஃப்ரேம். நீங்க சரியா அழுத்தறீங்க, ஆனா கேமுக்கு அது லேட். அடுத்து சொல்லப் போற கேமுக்கு இது இன்னும் முக்கியம்.

[திரையில்: செக்கிரோ. ரெண்டு வாள் மோதுது, ஆரஞ்சுப் பொறி.]

செக்கிரோ, வாள் சண்டை கேம், 2019 மார்ச், ஃப்ரம் சாஃப்ட்வேர். சண்டையைச் சொல்லிக் குடுக்கறதுல இதுதான் நம்ம முதல் மார்க். ஆனா நிறைய பேர் பாதியில விட்டதும் இதைத்தான். காரணம் ஒண்ணே ஒண்ணு, அதே கம்பெனியோட டார்க் சோல்ஸ் கேம் பழக்கத்துல உருண்டு ஓடறாங்க. இங்க ஸ்டாமினாவே கிடையாது. எதிரியோட போஸ்ச்சர் பாரை, அதாவது அவன் எவ்வளவு நிலைகுலைஞ்சிருக்கான்னு காட்டறதை, நிரப்பினா முடிச்சிடலாம். விலகி ஓடினா அந்த பார் திரும்ப இறங்கிடும்.

வெட்டு விழற சரியான நேரத்துல தடுக்கற கார்ட் பட்டனைத் தட்டினா அது டிஃப்ளெக்ட். எதிரியோட போஸ்ச்சர் ஏறும். பயத்துல படபடன்னு தட்டினா, தட்டத் தட்ட அந்த நேர இடைவெளி சுருங்கிட்டே போகும். அதனால தட்டுங்க, விடுங்க, அடுத்த வெட்டுக்கு மறுபடி தட்டுங்க. கொஞ்சம் சீக்கிரம் தட்டிட்டா பட்டனைப் பிடிச்சே வச்சிருங்க, அது சாதாரணத் தடுப்பா மாறும், உயிர் போகாது. உங்க போஸ்ச்சர் நிரம்புற மாதிரி இருந்தா ரெண்டடி பின்னாடி வந்து கார்டைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. கார்ட் பிடிச்சிருந்தா அது வேகமா இறங்கும், ஓடிக்கிட்டு இருந்தா இவ்வளவு வேகமா இறங்காது.

இன்னொண்ணு, எதிரியோட ஹெல்த் அதிகமா இருக்கறப்ப அவனோட போஸ்ச்சர் வேகமா ஆறிடும். அதனால சண்டையோட முதல் பாதியில நேரடியா ஹெல்த்தைக் குறைங்க. பாதிக்குக் கீழ வந்ததும் டிஃப்ளெக்ட் மேல கவனம் வைங்க. இந்த வரிசை மாறினாலே ஒரே பாஸ் பத்து நிமிஷம் இழுக்கும்.

சிவப்பு எழுத்து தோணினா தடுக்க முடியாத அடி வருதுன்னு அர்த்தம். நேராக் குத்த வந்தா மிகிரி கவுன்ட்டர்ங்கற எதிரடி, காலை வாரினா ஜம்ப், கட்டிப் பிடிக்க வந்தா விலகல். மூணுக்கும் ஒரே எழுத்துதான் காட்டும், அதனால எழுத்தைப் பார்க்காம எதிரியோட ஆயுதத்தைப் பாருங்க. மிகிரியை ஸ்கில் பாயின்ட் குடுத்து வாங்கணும், முதல் வேலையா அதை வாங்குங்க. பாழடைஞ்ச கோயில் பக்கத்துல ஹன்பே நிக்கிறான். சாகாத ஆளு, பழகறதுக்குன்னே இருக்கான். அவன்கிட்ட அரை மணி நேரம் குடுத்தா அடுத்த பத்து மணி நேரம் மிச்சம்.

கெனிச்சிரோங்கற பாஸ் கடைசிக் கட்டத்துல மின்னல் அடிப்பான். தரையில நின்னு வாங்காதீங்க. காத்துல இருக்கும்போது வாங்கிட்டு, கால் தரையில படறதுக்குள்ள வாளை வீசினா அதே மின்னல் அவன் மேல திரும்பும். கால் பட்டுடுச்சுன்னா அடி உங்களுக்குத்தான்.

இதுல பிடிக்காதது டிராகன்ராட். நீங்க திரும்பத் திரும்பச் செத்தா கேம்ல வர்ற மத்தவங்களுக்கு நோய் வரும். ஏற்கெனவே பாதிக் காசும், அடுத்த ஸ்கில் பாயின்டுக்காகச் சேர்த்த அனுபவத்துல பாதியும் போகுது. பயிற்சிக்காகச் சாகணும்னு வடிவமைச்ச கேம்ல, சாவைப் பார்த்துக் குற்ற உணர்ச்சி வர வைக்கிறது சரியான முடிவு இல்ல. பாஸ் அறைக்குப் போறதுக்கு முன்னாடி காசைச் செலவு பண்ணிடுங்க.

[திரையில்: ஹாலோ நைட். ஒரு பெஞ்ச்.]

ஹாலோ நைட், 2017. ஆஸ்திரேலியாவுல அடிலெய்ட்ல இருக்கற டீம் செர்ரி பண்ணினது. உலகத்தைக் கட்டினதுல இதுக்குப் பக்கத்துல நிக்க ஆள் இல்ல. சண்டைக் கணக்கும் சுத்தமா இருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் சோல்ங்கற சக்தி 11 சேரும், 33 சோல் செலவு பண்ணினா ஒரு மாஸ்க் உயிர் திரும்ப வரும் (உயிரை இதுல மாஸ்க் கணக்குல எண்ணுவாங்க). மூணு வெட்டுக்கு ஒரு உயிர்னு மனசுல வச்சுக்கிட்டா எப்ப அடிக்கணும், எப்ப நின்னு ஆறணும்னு தானா வரும்.

ஆனா அந்தப் பத்து செகண்ட்ல இந்த கேம் தோத்துப் போகுது. பெஞ்ச்தான் இதுல சேவ் ஆகற இடம், செத்தா கடைசியா உட்கார்ந்த பெஞ்சுக்குப் போயிடுவீங்க. ஜியோ, அதாவது கேமோட காசு, எல்லாம் செத்த இடத்துல நிக்கிற உங்க நிழல்கிட்ட, அதை அடிச்சாதான் திரும்பக் கிடைக்கும். சோல் பாத்திரமும் உடைஞ்சு மூணுல ரெண்டு பங்குதான் நிரம்பும். அதாவது தோத்தவனை இன்னும் பலவீனமாக்கி, அதே பாஸ்கிட்ட நடக்க விடுது. அந்த நடை சில இடத்துல ஒரு நிமிஷத்துக்கு மேல. அதுல கத்துக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. கவனம் சிதறி, வழியில ரெண்டு மாஸ்க் குறைஞ்சு, கோபத்தோட உள்ள போவீங்க.

வாட்ச்சர் நைட்ஸ்ங்கற பாஸ் சண்டை மாதிரி இடத்துல இது தாங்காது. ஆறு பேர் வருவாங்க. அந்த அறைக்கு மேல மறைவா ஒரு வழி இருக்கு, அதுல போய் தொங்கற சரவிளக்கை வெட்டி விட்டா ஒருத்தன் சண்டைக்கு முன்னாடியே காலி, மிச்சம் அஞ்சு பேர்தான். கேம்ல சேர்க்கற எசன்ஸ் 900 ஆனதும் டிரீம்கேட் கிடைக்கும், வச்ச இடத்துக்கே நேராத் திரும்ப வர்ற வாசல் அது, அதை பாஸ் கதவுக்கு முன்னாடி வச்சுட்டா நடையே மிச்சம். கைவசம் ரான்சிட் எக்ங்கற அழுகின முட்டை இருந்தா டர்ட்மவுத் ஊர்ல ஜிஜிகிட்ட குடுங்க, நிழலை அங்கயே வரவழைச்சுக் குடுப்பா.

மேப் விஷயத்துலயும் முதல் ரெண்டு மணி நேரத்துல நிறைய பேர் குழம்பறாங்க. மேப் மட்டும் வாங்கினா போதாது. 120 ஜியோவுக்கு குயில்ங்கற இறகுப் பேனாவை வாங்கணும், அப்பதான் நீங்க போன அறை வரையும், அதுவும் பெஞ்சுல உட்கார்ந்தாதான். நீங்க எங்க நிக்கிறீங்கன்னு தெரிய 220 ஜியோவுக்கு காம்பஸ் சார்ம் (சார்ம்னா மாட்டிக்கிட்டா பலன் தர்ற பொருள்). அது சார்ம் மாட்டற இடத்துல ஒரு நாட்ச் எடுத்துக்கும், பரவாயில்ல, பாதிக் கேம் வரைக்கும் கழட்டாதீங்க.

[திரையில்: எல்டன் ரிங். மார்கிட் கைத்தடியைத் தூக்குறான்.]

எல்டன் ரிங், 2022 பிப்ரவரி. நடைப் பிரச்சினைக்கு இது பதில் வச்சிருக்கு. பல பாஸ் பக்கத்துல மரிகா சிலை நிக்கும், அங்கேருந்தே எழுந்திருக்கலாம். ஒரு பாஸ் முடியலன்னா வேற திசையில போய் பலமாகி வரலாம். இதுதான் இதோட பெரிய நல்ல விஷயம்.

ஆரம்பத்துல வர்ற மார்கிட்ங்கற பாஸ்கிட்ட சாகறதுக்குக் காரணம், தடியைத் தூக்கினதும் உருள்றது. அவன் தூக்கி, பிடிச்சு வச்சு, நீங்க உருண்டு எழுந்தப்ப இறக்குவான். கை கீழ இறங்க ஆரம்பிச்சதும் உருளுங்க. உருள்றது மெதுவா இருந்தா மாட்டியிருக்கற ஆயுதம், கவசத்தோட சுமையைப் பாருங்க, 70 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும். எல்லாத்துக்கும் மேல உயிரைக் கூட்டற விகரை ஏத்துங்க. விகர் 10ல 414 ஹெச்பி (உயிர்), 40ல 1450, 60ல 1900. சேதத்துல மட்டும் பாயின்ட் போட்டுட்டு ரெண்டு அடியில சாகறவங்கதான் கேமைத் திட்டறாங்க.

அதே சமயம், கல்லறைக் குகைகள்ல ஒரே பாஸைத் திரும்பத் திரும்ப வச்சதை நியாயப்படுத்த முடியாது. மலேனியாங்கற பாஸ் உங்களை அடிச்சா அவளுக்கு உயிர் ஏறுது, கேடயத்துல தடுத்தாலும் ஏறுது. ஏன் தோத்தோம்னு புரியும், ஆனா அந்தப் புரிதலை வச்சு ஒண்ணும் பண்ண முடியாத இடம் அது.

விவசாய கேம் ஸ்டார்டியூ வேலியை வேகமாச் சொல்லிடறோம், ஏன்னா அது பெரும்பாலும் சரியாவே பண்ணியிருக்கு. ஒரு நாள் சுமார் 14 நிமிஷம், தூங்கினாதான் சேவ் ஆகும், அதனால மோசமான நாளை சேவ் பண்ணாம வெளிய வந்து மறுபடி ஆரம்பிக்கலாம். மீன் பிடிக்கிறதுதான் புதுசா வர்றவங்களை விரட்டுது. மீனை உள்ளயே வச்சிருக்க வேண்டிய பச்சை பார் தொடக்கத்துல சின்னது, லெவல் ஏற ஏறத்தான் நீளும். 25 கோல்டுக்குக் கிடைக்கற பயிற்சித் தூண்டிலை முதல் வாரத்துல வாங்குங்க. பட்டனை அழுத்திப் பிடிக்காதீங்க, விட்டு விட்டுத் தட்டுங்க, அப்பதான் பார் கீழ மோதித் துள்ளாது.

[திரையில்: கென்ஷின் இம்பாக்ட். விஷ் பக்கம்.]

கடைசியா கென்ஷின் இம்பாக்ட், 2020 செப்டம்பர். ஊரும் இசையும் ரொம்ப நல்லா இருக்கு, அதுல மாற்றுக் கருத்து இல்ல. ஆனா இங்க தோல்வி சண்டையில இல்ல, குலுக்கல்ல கேரக்டர் எடுக்கற விஷ் பட்டன்ல. அதுல கத்துக்கறதுக்கு எதுவுமே கிடையாது, அதனாலதான் இதைப் பத்திக் கோபமாப் பேச வேண்டியிருக்கு.

ஒரு விஷ்ஷுக்கு 160 பிரைமோஜெம், அதாவது கேமோட காசு. உச்சத் தரமான அஞ்சு ஸ்டார் வர்ற அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம், 90வது விஷ்ல கட்டாயம் வரும். வந்தாலும் நீங்க கேட்ட ஆளா இருக்கறதுக்கு பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் வாய்ப்பு. வேற ஆள் வந்துட்டா அடுத்த அஞ்சு ஸ்டார் உறுதி. ஆக மோசமான நிலையில 180 விஷ், 28,800 பிரைமோஜெம். தினசரி வேலைகள் நாலும் முடிச்சா ஒரு நாளைக்கு 60. அதை மட்டும் வச்சு சேர்த்தா 480 நாள். நிகழ்வுகள்ல கூடக் கிடைக்கும், ஆனா கணக்கோட உருவம் இதுதான்.

காசு போடறதுக்கு முன்னாடி ஹிஸ்டரி பக்கத்தைத் திறங்க. கடைசி அஞ்சு ஸ்டாருக்கு அப்புறம் எத்தனை விஷ் ஆகியிருக்குன்னு எண்ணுங்க, அது எதிர்பார்த்த ஆளா இல்லையான்னும் பாருங்க. எதிர்பார்க்காத ஆள் வந்திருந்தா 90லருந்து அந்த எண்ணைக் கழிங்க, எதிர்பார்த்தவரே வந்திருந்தா 180லருந்து கழிங்க. வர்ற விடையை 160ஆல பெருக்குங்க. கையில அவ்வளவு இல்லன்னா அந்த பேனரை, அதாவது அந்தக் கேரக்டருக்கான குலுக்கலை, தொடாதீங்க, எண்ணின எண்ணிக்கை அடுத்த கேரக்டர் பேனருக்கு அப்படியே கூட வரும்.